பொறுப்புக் கருவி

இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் யாரையாவது திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் உங்கள் தொண்டைதான் வறளும். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தவர்கள். அதனால்தான் அவ்வளவு நேரம் ஆயிற்று.

மேட்டின் மேல் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எழுந்து உட்கார முடியாத நோயாளிகளை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கென்று அங்கே தனியாக ஒரு பிரிவு இருந்தது. பின் சீட்டை எடுத்துவிட்டுப் படுக்கை போட்ட கார்கள். வெளி டாக்ஸி கேட்டுக்குள் வரக் கூடாது. அந்தக் கார்களில் ஒன்றை ஓட்டியவன்தான் நம் ஆள். எல்லோருக்கும் அவன் டிரைவர். மாமியாருக்கு மட்டும் மாப்பிள்ளை.

அன்று காலை அவன் காரில் ஏற்றியது அந்த மாமியாரைத்தான். செய்வதற்கு இனிமேல் ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று டிரைவரின் மனைவி கேட்டதற்கு, "இன்னைக்கே கூட்டிட்டுப் போறது நல்லதும்மா" என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டாள்.

மாமியார் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். வாங்க வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டு, வேண்டாமென்று எழுந்து போன துணிகளைத் திரும்ப மடித்து வைக்கும் வேலை. ஆகவே பொறுமைக்குக் குறைவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க மாப்பிள்ளை. ஜன்னல் வழியா ஒரு தடவை நம்ம தெருவைப் பார்த்துக்கிறேன்."

"பத்து நிமிஷம்தான் அத்தை" என்றான் டிரைவர்.

அப்போது விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

ஒவ்வொரு காரிலும் கண்ணாடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு வழிகாட்டிக் கருவி பொருத்தியிருந்தார்கள். அது விழித்து, "வணக்கம். உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்று ஒரு பெண் குரலில் சொன்ன பிறகுதான் காரை நகர்த்த வேண்டும். கேட்டில் இருக்கும் தடுப்புக் கம்பியும் கருவி 'பீப்' என்றால்தான் மேலே போகும். கருவி நடுவில் அணைந்துபோனால், அணைந்த இடத்திலேயே கார் நிற்க வேண்டும். கருவி சொல்லும் வழியை விட்டு விலகினால் அது விலகல் என்று பதிவாகும். விலகல்கள் சேர்ந்தால் வேலை போய்விடும்.

இறக்கத்தின் கீழே ஒரு சந்து இருந்தது. எந்தக் காலத்திலோ அதில் வழி இருந்திருக்கிறது. இப்போது சந்தின் முடிவில் ஒரு சுவர். கருவி தினமும் அந்தச் சந்தில் திரும்பச் சொல்லும். டிரைவர்கள் திரும்புவார்கள். சுவர் வரைக்கும் போய், கொஞ்சம் நின்று, ரிவர்ஸ் எடுத்து வருவார்கள். முதலில் அதற்குச் சிரித்தார்கள். பிறகு எரிச்சல்பட்டார்கள். பிறகு இரண்டும் நின்றுபோயிற்று. நம் ஆளுக்கு நின்று ரொம்பக் காலம். சுவர் விரிசலில் ஒரு செடி முளைத்திருந்தது. பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டு வருவான். அவ்வளவுதான்.

அன்று காலை அவன் கருவியின் பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்திப் பிடித்தான். இருட்டு. துணியால் துடைத்தான். துடைத்ததில் அவன் முகம் அதில் நன்றாகத் தெரிந்தது.

"என்ன மாப்பிள்ளை, கிளம்பலையா?"

"கருவி முழிக்கல அத்தை."

"அது முழிக்காட்டி என்ன? நீங்க முழிச்சுத்தானே இருக்கீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

ஏன் விழிக்கவில்லை என்பதில் மர்மம் எதுவும் கிடையாது. டிரைவர்கள் தங்கள் சொந்த போனுக்குக் காரில் சார்ஜ் ஏற்றுகிறார்கள் என்று ஒரு புகார் வந்தது. அதற்காகப் போன வாரம் எல்லாக் கார்களிலும் சார்ஜர் சாக்கெட்டை மூடி, கம்பி கட்டி, ஈயத்தில் சீல் வைத்துவிட்டார்கள். கருவியின் ஒயரும் அதே சாக்கெட்டில்தான் போக வேண்டும். டிரைவர் அன்றைக்கே போய்ச் சொன்னான். "சார்ஜ் தீர்ந்துடும் சார்." "தீர்ந்ததும் வந்து சொல்லுங்க" என்றார்கள். பிரிவிலேயே அவன் கருவிக்குத்தான் முதலில் தீர்ந்தது. வந்து சொன்னான்.

வழி அலுவலகம் கார் நிறுத்துமிடத்தை ஒட்டியே இருந்தது. சுவர் முழுக்க வரைபடங்கள். கவுன்டரில் ஒரு குமாஸ்தா. ஒல்லியான மனிதர், பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார். அவர் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தார். கோளாறு நீக்கும் அட்டை.

"கருவி இயங்குதா?"

"இல்லைங்க."

"அப்போ கருவியில 'உதவி'ன்னு ஒண்ணு இருக்கும். அதைத் தொடுங்க. என்ன கோளாறுன்னு அதுவே சொல்லும்."

"அது இயங்கலையே."

"அதையும் அதுவே சொல்லும்" என்றார் குமாஸ்தா. சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டையில் அடுத்த வரிக்குப் போனார். "திரையில என்ன பிழைன்னு காட்டுது?"

"திரை இருட்டா இருக்கு."

"இருட்டுன்னு எழுத்துல காட்டுதா?"

"இல்லை. இருட்டாவே இருக்கு."

"அப்போ பிழை எதுவும் இல்லை." ஒரு டிக் போட்டார். "அடுத்தது, கருவியை அணைச்சுட்டு மறுபடி போடணும்."

"அணைஞ்சுதான் இருக்குங்க."

"நல்லதாப் போச்சு. பாதி வேலை முடிஞ்சுது."

காருக்குள்ளிருந்து மாமியார் கேட்டார். "தம்பி, மீதிப் பாதியை எப்போ செய்வீங்க?"

குமாஸ்தா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "மேல கேட்டுட்டு வரேம்மா" என்று உள்ளே போனார்.

மேலே என்றால் வழி அதிகாரி. அவர் அறையும் தரைத்தளத்தில்தான் இருந்தது. நாற்காலிதான் கொஞ்சம் உயரம். சலவை செய்த சட்டை, நிதானமான குரல். யாரிடமும் கடிந்து பேசமாட்டார். இன்னொருவர் அழுதாலும் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவர் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"டிரைவர், நீங்க இப்போ எங்க இருக்கீங்க?"

"உங்க முன்னாடி சார்."

"அது எனக்குத் தெரியுது. பிரிவுக்குத் தெரியாது. கருவி அணைஞ்ச நிமிஷத்துலேர்ந்து இந்தக் காருக்கு இருப்பிடம் கிடையாது. இருப்பிடம் இல்லாத காரை நான் இன்னொரு இடத்துக்கு எப்படி அனுப்புவேன்? எங்கேயிருந்து அனுப்புவேன்?"

"சார், அந்த சாக்கெட் சீலை மட்டும் எடுத்துட்டா..."

அதிகாரி ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்.

"முறைகேடு நடக்கக் கூடாதுன்னு வச்ச சீல். முறைகேடு நடக்கலைங்கிறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அதை எடுத்துட்டா நாம எல்லாரும் யோக்கியமா இருக்கணும். அது நடைமுறைக்கு வராது. இன்னொண்ணும் சொல்றேன். கருவின்னா அதுக்கு ஒரு தன்னம்பிக்கை வேணும். எப்பப் பார்த்தாலும் மின்சாரம் கேட்டுக்கிட்டு வர்ற கருவியை நாம ஊக்குவிக்கக் கூடாது."

"சீல் வச்சவங்க வந்து எடுக்கலாமா சார்?"

"தாராளமா. முறைகேடு தடுப்புக் குழு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கு. வரச் சொல்லியாச்சு. அவங்க கார்லயும் கருவி எரியலையாம்." சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "அவங்க காருக்கும் சீல் வச்சிருக்காங்க. நியாயமானவங்க."

மாமியாரை வார்டுக்கே திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாமா என்று டிரைவர் கேட்டான். முடியாது, அவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். டிஸ்சார்ஜ் ஆனவர் மறுபடி சேர வேண்டுமென்றால் வெளியிலிருந்து வர வேண்டும். அவர் இன்னும் வெளியே போகவில்லை. சரி, இறக்கம்தானே, தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடவா என்று கேட்டான்.

"நோயாளியை நடுவழியில இறக்கிவிட்டதா ஆயிடும். வேலை போயிடும் உங்களுக்கு."

"கார் இன்னும் கிளம்பவே இல்லையே சார்."

"கிளம்பாத கார்லேர்ந்து இறக்குறது அதைவிட மோசம்" என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். உண்மையாகவே வருத்தம்தான். மதிய சாப்பாட்டுக்குப் போகும்போதுகூட இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி மேட்டில் இருந்ததால் அங்கிருந்து கீழே ஊர் முழுக்கத் தெரியும். டிரைவர் வீட்டு மொட்டைமாடியும் தெரியும். நீலத் தண்ணீர்த் தொட்டி வைத்த மாடி. தொட்டிக்குப் பக்கத்தில் அவன் மனைவி, அம்மாவுக்கென்று துவைத்த போர்வையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் தலையணையில் கொஞ்சம் சாய்ந்தால் கார் கண்ணாடி வழியே அதைப் பார்க்க முடிந்தது.

போன் அடித்தது.

"என்னங்க, கார் அங்கேயே நிக்குது? மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"கருவி எரியல."

"அம்மா எப்படி இருக்காங்க?"

அவன் போனை மாமியாரின் காதில் வைத்தான். "நல்லா இருக்கேன்டி. காத்தோட்டமா நிறுத்தியிருக்காரு உன் வீட்டுக்காரரு. போர்வையில ஒரு ஓரம் மடங்கியிருக்கு பாரு, இழுத்து விடு. அந்த இடம் காயாது."

கீழே, தூரத்தில், சின்னதாக ஒரு கை போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டது.

டிரைவர் டீ வாங்கி வந்து ஸ்பூனில் ஊட்டினான். பாதி வாய்க்குள் போயிற்று. மாமியாருக்கு முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டிருந்தது. கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிட்டான்.

"தெரியுதா அத்தை?"

"தெரியல. உங்களுக்கு?"

அவன் தன் கையைப் பார்த்தான். யோசித்துப் பார்த்தால் அவனுக்கும் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அதிகாரி மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கோ வந்துகொண்டிருக்கும், வழியில் அதுவும் ஒரு சுவர் முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

பிற்பகலில் அலுவலகத்தார் எல்லோரும் கூட்டமாக வெளியே வந்தார்கள். டிரைவர் எழுந்து நின்றான். சீலை எடுக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான், பாவம். வழி அதிகாரி கையில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதைக் காரின் முன்கண்ணாடியில் தன் கையாலேயே ஒட்டினார். 'பிழையற்ற வழி' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. ஒட்டிவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, நம்ம பிரிவில இன்னைக்கு எல்லாக் காரும் ஒரு தடவையாவது வழி விலகியிருக்கு. ஒரு கருவி சரியான திருப்பத்தைத் தாண்டிப்போய்ச் சொல்லியிருக்கு. இன்னொண்ணு குளத்துக்குள்ள போகச் சொல்லியிருக்கு. இந்தக் கருவி மட்டும் காலையிலேர்ந்து ஒரு தப்பும் சொல்லல. யாரையும் தப்பான இடத்துல கொண்டுபோய் விடல. இதுதான் நாம எல்லாரும் போய்ச் சேர வேண்டிய நிலை."

கை தட்டினார்கள்.

"எதுக்கு மாப்பிள்ளை கை தட்டுறாங்க?"

"நாம நகராம இருக்கோம்னு அத்தை."

"அட" என்றார் மாமியார். "அப்போ நான் இன்னும் நல்லாவே செய்வேன். கொஞ்ச நாள் போகட்டும்."

கை தட்டியவர்களில் குமாஸ்தா மட்டும் சீக்கிரமாக நிறுத்திவிட்டார். மாமியார் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டம் கலைந்த பிறகு அவர் அதிகாரியிடம் போய், அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சார், கருவிக்குப் பொறுப்பு போட்டா என்ன சார்?"

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் எந்த இடத்தையும் காலியாக விடமாட்டார்கள். ஒருவர் லீவு போட்டால் அவர் வேலையை இன்னொருவருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். லிஃப்ட் ஆள் வராத அன்று சமையல்காரர் லிஃப்ட் பொறுப்பு. வாசலில் இருந்த நீரூற்று நின்றுபோனபோது தோட்டக்காரர் ஒருவர் வாளியோடு நீரூற்றுப் பொறுப்பில் இருந்தார். விருந்தினர் வந்தால் தண்ணீரை மேலே வீசுவார். இடம் காலியாக இருந்தால்தான் கோளாறு. ஆள் இருந்துவிட்டால் கோளாறு கிடையாது.

அதிகாரி முகம் மலர்ந்தது. உள்ளே போனார். உத்தரவோடு வந்தார். வழிகாட்டிக் கருவியின் கூடுதல் பொறுப்பு குமாஸ்தாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

குமாஸ்தா வெலவெலத்துப் போனார். "நான் யோசனைதான் சார் சொன்னேன். எனக்கு வழி தெரியாது. நான் பஸ்ல வர்றவன்."

"அதனால என்ன? கருவிக்கும்தான் ஒண்ணும் தெரியாது. அதுக்கு எல்லாம் மேலேர்ந்து வருது. நீங்க ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும். ஒண்ணு, கருவி யார் கேள்விக்கும் பதில் சொல்லாது. ரெண்டு, பழைய கருவி எங்கெல்லாம் எப்படிச் சொல்லுச்சோ, நீங்களும் அப்படியே சொல்லணும். அது தப்பாச் சொன்ன இடத்துல நீங்க சரியாச் சொல்லிட்டா நேத்து வரைக்கும் இருக்கிற பதிவெல்லாம் தப்புன்னு ஆயிடும்."

பழைய கருவி சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து குமாஸ்தா கருவி ஆனார். உத்தரவு அப்படி என்பதால், இனி நானும் அதை 'அது' என்றே சொல்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

கருவி உடனே காரில் ஏறவில்லை. புதிதாக இயங்கும் கருவி முதலில் திறந்தவெளியில் இருந்துகொண்டு மேலே செயற்கைக்கோளைத் தேட வேண்டும் என்று விதி. ஆகவே அது கார் நிறுத்துமிடத்தின் நடுவில் போய் நின்று, முகத்தை வானத்துக்குக் காட்டியது. வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. ஒரு காக்கை போயிற்று. எதிர்ப்பக்கம் அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"கிடைச்சுதா?"

கருவி பதில் சொல்லவில்லை. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார்.

காருக்குள் மாமியாரின் மூச்சு மாறியிருந்தது. இழுத்து, நிறுத்தி, யோசித்து விடுவதுபோல். டிரைவர் அதைக் கவனித்தான். கண்ணாடி வழியே மாடியைப் பார்த்தான். போர்வையை எடுத்துவிட்டிருந்தார்கள். காய்ந்துவிட்டது.

"மாப்பிள்ளை, அந்தப் பிள்ளை ஏன் மேலே பார்த்துக்கிட்டு நிக்குது?"

"வழி கேக்குறாரு அத்தை."

"நான் மேலே போனதும் கேட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க."

ஒருவழியாகக் கருவி தலையைக் கீழே இறக்கியது. கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடியமட்டும் பெண் குரலில், "வணக்கம். உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்றது.

கார் கிளம்பியது. கேட்டில் கம்பி இறங்கியிருந்தது. காவலாளி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். கருவி அவரைப் பார்க்காமல், "பீப்" என்றது. சற்று நேரம் எதுவும் நடக்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் கெஞ்சலாக, "பீப்" என்றது. காவலாளி கையாலேயே கம்பியைத் தூக்கிவிட்டார்.

இறக்கம். இறக்கத்தின் கீழே சந்து.

"இடது பக்கம் திரும்பவும்" என்று கருவி தாளைப் பார்த்துப் படித்தது. டிரைவர் திரும்பினான். சுவர் வரைக்கும் போனான். நின்றான். செடி நின்ற இடத்தில் வெயில் போய்விட்டிருந்தது.

"இதென்ன மாப்பிள்ளை, சுவர்?"

"ஆமா அத்தை."

"இதைப் பார்க்கத்தான் தினம் வேலைக்குப் போனீங்களா?"

அவன் ரிவர்ஸ் எடுத்தான். கருவி தாளைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டது. அதன் காது சிவந்திருந்தது. கருவிக்குக் காது சிவக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

கடைத்தெரு தாண்டினார்கள். பள்ளிக்கூடம் தாண்டினார்கள். அவன் தெருவுக்குள் நுழையும்போது வானத்தில் கொஞ்சம்தான் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வீடுகளின் மேல்பாதி மட்டும் மஞ்சளாக இருந்தது. அவன் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் படியிறங்கினாள். ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் கட்டில், கட்டில்மேல் மடித்துவைத்த போர்வை.

"நேராகச் செல்லவும்" என்றது கருவி.

பழைய கருவிக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டைக் கேட்டாலும், தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் மரக்கடை வாசலில்தான் 'சேரவேண்டிய இடம் வந்துவிட்டது' என்று சொல்லத் தெரியும். தாளில் அப்படித்தான் இருந்தது.

டிரைவர் நேராகப் போனான்.

அவன் மனைவி கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. வாசல், படி, ஜன்னல் எல்லாம் காரின் பக்கவாட்டில் மெதுவாகப் பின்னால் போயின.

"மாப்பிள்ளை. வீடு போகுது."

"தெரியுது அத்தை."

"தெரிஞ்சுமா போறீங்க?"

"நேராப் போகச் சொல்லுது" என்றான். அவன் குரலில் ஒன்றும் இல்லை. சுவரைப் பற்றிச் சொல்லும்போது இருந்த அதே குரல்.

மாமியார் அவனைத் திட்டவில்லை. கையை ஊன்றித் தலையைக் கொஞ்சம் தூக்கினார். எவ்வளவு பாடுபட்டுத் தூக்கினார் என்பது அந்த மூச்சில் தெரிந்தது. முன் சீட்டில் இருந்ததைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உன்னை எப்படிப்பா அணைக்கிறது?"

கருவி பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. ஆனால் தன் இடது தோளைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தது.

மாமியார் அந்தத் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தார். காய்ந்த குச்சி மாதிரி விரல், பலமே இல்லை. கருவி கண்ணை மூடிக்கொண்டது. தலை தொங்கியது. காலையிலிருந்து அது ஒன்றும் சாப்பிடவில்லை.

கருவி அணைந்த இடத்தில் கார் நிற்க வேண்டும். டிரைவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று.

வீட்டிலிருந்து நாலைந்து வாசல் தள்ளி நின்றார்கள். பின்னாலிருந்து அவன் மனைவி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"இறக்குங்க" என்றார் மாமியார்.

"நடுவழியில இறக்கினா வேலை போயிடும் அத்தை."

"இது நடுவழின்னு யாருக்குத் தெரியும்? கருவி அணைஞ்சுடுச்சு. கார் எங்க இருக்குன்னே தெரியாதுன்னு உங்க ஆபீஸர் சொன்னாரே. கார் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு நான் எங்க இறங்கினேன்னு எப்படித் தெரியும்?"

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எங்கும் ஓட்டை இல்லை.

இறங்கினான். ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் அவன் மனைவியுமாக மாமியாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கனமே இல்லை, மடித்து வைத்த துணி மாதிரி இருந்தார். கட்டிலில் விட்டு, போர்வையைப் போர்த்தினார்கள். தெருவில் சுவர்களின் உச்சியில் மட்டும் கடைசி மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமியார் அது போகும்வரை பார்த்தார்.

பிறகு சொன்னார். "அந்தப் பிள்ளையை யாராவது ஆன் பண்ணிவிடுங்கடி. பஸ் போயிடப் போகுது. ஒரு டீ குடுத்து அனுப்பு."

டிரைவரின் மனைவி டீயைக் கொண்டுபோய்க் காரின் ஜன்னலில் நீட்டினாள். குமாஸ்தா கண்ணைத் திறந்து, டீயை வாங்கி, முதல் முறையாக ஒருவரின் முகத்தைப் பார்த்து, "அம்மா படுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அந்த உத்தரவில் முடிவுத் தேதி போட மறந்துவிட்டார்கள். ஆகவே இன்றைக்கும் அவர் காலையில் வந்ததும் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்க்கிறார். சீல் அப்படியே இருக்கிறது. மற்றக் கார்களுக்கும் பொறுப்பு போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. 'பிழையற்ற வழி' ஸ்டிக்கர் தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்களாம்.

மாமியார் அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில், ஜன்னலைப் பார்த்தபடியே போய்விட்டார். டிரைவர் அழவில்லை. போன் செய்ய வேண்டியவர்களுக்குப் போன் செய்தான். நாற்காலிகளை எடுத்துப் போட்டான். வந்தவர்களுக்குச் செருப்பு விட இடம் காட்டினான். மனைவி அழும்போது பக்கத்தில் நின்றான். கை மட்டும் அவள் முதுகில் இருந்தது, எங்கோ வைத்துவிட்டு மறந்த பொருள் மாதிரி.

இறந்தவர்களை எடுத்துப்போகும் வண்டி வந்தது. அது ஆஸ்பத்திரியின் வேறு பிரிவு. அதை ஓட்டி வந்தவர் வாட்டசாட்டமான ஆள், மெதுவாகப் பேசுபவர். டிரைவர் அவர் வண்டியின் கண்ணாடிக்குக் கீழே பார்த்தான். அங்கே ஒரு சீப்பும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

"வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தெருமுனையில கேட்டேன்ணே. காட்டினாங்க" என்றார் அவர். "எங்க வண்டிக்கெல்லாம் கருவி குடுக்கலை. எங்க வண்டியில வர்றவங்க யாரும் போய்ப் புகார் குடுக்க மாட்டாங்கல்ல."

மாமியாரை ஏற்றினார்கள். டிரைவர் முன்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி தெருக்கோடிக்குப் போய், மரக்கடை முன்னால் நின்றது. அங்கே தெரு இரண்டாகப் பிரியும்.

"எந்தப் பக்கம்ணே?"

டிரைவர் காத்திருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. கண்கள் சீப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தில் நின்றிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றார் வண்டிக்காரர், இன்னும் மெதுவாக. "உங்களைத்தான் கேட்டேன்."

கை எழுந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி அந்தக் கை முழுக்கக் குத்தியது.

"இடது பக்கம்" என்றான்.

வண்டி திரும்பியது. இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அடுத்தது வலது" என்றான். குரல் உடைந்து எங்கெங்கோ போயிற்று; அதைப் பிடித்து நிறுத்த அவன் முயலவில்லை. "அங்கே ஒரு பள்ளம் இருக்கு. கொஞ்சம் பார்த்துப் போங்க. பின்னாடி எங்க அத்தை இருக்காங்க."